குழலைச் சூடாக்கிய டாக்குத்தர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் கூட, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுவைதீவிலிருந்து என் வீட்டுக்காரரை வள்ளத்தில் ஏற்றி, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இதயத்துக்குள் இரத்தம் உறைந்திருக்கலாம் என்று முதலில் பார்த்த டாக்குத்தர் சொல்லியிருந்தார். மருந்தில் கரைந்துவிடும் என்று நம்பியிருந்தேன்.

அங்கே ஒரு மெலிந்த டாக்குத்தர். குழலை நெஞ்சில் வைக்குமுன் தன் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்குவார். இவரை இருத்தியும் கிடத்தியும், கண்ணை மூடிக்கொண்டு குழலில் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டார்.

"வள்ளத்திலை எப்பிடி வந்தவர்?"

"நிமிர்ந்து இருந்தால் மூச்சு முட்டுது ஐயா. படுத்தபடிதான் வந்தவர்."

"உறைஞ்ச இரத்தமெண்டால் அனேகமாச் சுவரோடை ஒட்டிக் கிடக்கும். இது கயித்திலை கட்டின வள்ளம் மாதிரி ஆடி ஆடி, நிமிர்ந்தால் இதயத்தின்ரை வாசலை அடைக்குது. உள்ளுக்கை சதை வளர்ந்த கட்டியெண்டுதான் நினைக்கிறன், அம்மா."

நான் அழுதுவிட்டேன்.

"அழாதேங்கோ. கொழும்பிலை வெட்டி எடுக்கலாம்."

"அப்ப முதலிலை இவளுக்கு மயக்க மருந்து குடுங்கோ, ஐயா," என்றார் இவர். டாக்குத்தரும் சிரித்துவிட்டார்.

கொழும்பில் எடுத்தார்கள், கட்டியேதான். இவர் வள்ளத்தில் நிமிர்ந்து இருந்தபடி ஊர் திரும்பினார்.

அந்த டாக்குத்தரின் பெயரைக் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. கட்டியையும் உறைந்த இரத்தத்தையும் நான் மாறி எழுதியிருந்தால், தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அந்த உள்ளங்கையை மட்டும் திருத்த வேண்டாம்.