காருக்குள் நித்திரை

என் குறட்டை பெரிது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து மனைவி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகள் டொக்டர் படிப்பின் கடைசி வருடத்துக்கு வந்தபோதுதான் அது பிரச்சினையாகியது.

அவள் படித்தது அமெரிக்காவில், ஒஸ்டியோபதி மருத்துவக் கல்லூரியில். அங்கே அதுவும் முழு டொக்டர் படிப்புத்தான். மருந்து எழுதலாம், வெட்டித் தைக்கலாம். கூடவே கையால் எலும்பையும் தசையையும் பிடித்துப் பார்க்கவும் படிப்பிப்பார்கள். நாங்கள் இருக்கிற ரொறன்ரோவில் அந்தச் சொல்லைப் போர்டில் போட்டிருப்பவர்கள் முதுகு பிடித்துவிடுகிறவர்கள். அதனால் எங்கள் ஆட்களுக்கு விளங்கவில்லை.

"மசாஜ் படிக்கவோ பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பினீங்கள்?" என்று கோயிலில் வைத்தே ஒருத்தர் கேட்டார். இங்கே மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைக்காமல் போனதை ஊரெல்லாம் சொன்னவரும் அவர்தான்.

அவளுக்கு எமேர்ஜென்சியில் வேலை செய்ய விருப்பம். அதற்குப் படிப்பு முடிந்தபின் ஏதாவதொரு ஆஸ்பத்திரி அவளை எடுத்துச் சில வருடம் பழக்க வேண்டும். றெசிடென்சி என்பார்கள். அது கிடைக்காவிட்டால் டொக்டர் என்ற பெயர்தான் மிஞ்சும். சில ஆஸ்பத்திரிகள் அவளுடைய மாதிரிக் கல்லூரிப் பிள்ளைகளை எடுக்கப் பின்வாங்குமாம். அதனால் மற்றக் கல்லூரிக்காரர் எழுதுகிற பரீட்சையையும் சேர்த்து எழுதினாள். இரண்டு படிப்புப் படித்த மாதிரி. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தாள்.

"இந்த முறை ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது. கிடைச்ச பிறகு சொல்லுவம்" என்றாள் மனைவி. நானும் ஓம் என்றேன்.

இன்ரவியூ எல்லாம் கொம்பியூட்டரில்தான். அதற்காகக் கார்த்திகையில் வீட்டுக்கு வந்தாள். வீடு என்றால் அஜின்கோர்ட்டில் ஒரு பேஸ்மென்ற், நிலத்துக்குக் கீழே. இரண்டு அறை, நடுவில் மட்டைச் சுவர். எனக்குப் பாண் சுடுகிற ஃபக்டரியில் இரவு வேலை. பகலில்தான் நித்திரை.

முதல் இன்ரவியூ முடிந்து சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அப்பா, வீட்டில நாய் நிக்குதோ எண்டு கேட்டினம்."

"நீ என்ன சொன்னனி?"

"ஓம், பெரிய நாய் எண்டன்."

மனைவி சிரிக்கவில்லை. நானும் இல்லை. நாய் என்றதற்காக அல்ல. இதனால் இடம் போனால் என்ன செய்வது?

அடுத்த இன்ரவியூவுக்குக் கம்பளியை எடுத்துக்கொண்டு காருக்குள் போய்ப் படுத்தேன். ஒருவரும் போகச் சொல்லவில்லை. ஹீற்றரைக் கொஞ்ச நேரம் போட்டு நிற்பாட்டினால் காணும். கால்தான் விறைக்கும். இரவு முழுக்க நின்ற உடம்பு, இடம் பார்க்காது. படுத்ததும் நித்திரை.

ஒருநாள் உள்ளே இன்ரவியூ நடக்கும்போது கார்க் கண்ணாடியில் தட்டினார்கள். மனைவியின் ஒன்றுவிட்ட தம்பியும் அவர் பெண்சாதியும். தங்கள் மகளின் கலியாணத்துக்குச் சொல்ல வந்திருந்தார்கள். அவர் கையில் தட்டம், குங்குமம், கார்ட். பட்டுச்சேலைக்கு மேல் அவர் பெண்சாதி பனிச்சட்டை போட்டிருந்தா.

"என்ன அத்தான், இதுக்குள்ள படுத்திருக்கிறியள்?"

"சும்மா."

"அக்கா வீட்டில இல்லையோ?"

"இருக்கிறா."

"அப்ப வாங்கோ, உள்ளுக்குப் போவம்."

"இப்ப உள்ளுக்குப் போகேலாது, தம்பி."

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். எங்கள் ஜன்னல் நிலத்தோடு இருக்கும். அந்த நேரம் பார்த்து அதில் மனைவியின் முகமும் ஒரு கையும் தெரிந்தன. வராதே, போ, போ என்று கை வீசியது. அவள் விரட்டியது அவர்களை. அவர்களுக்குத் தெரிந்தது வேறு.

"சரி அத்தான்," என்று அவர் குரலைத் தாழ்த்தினார். புருஷனுக்கும் பெண்சாதிக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டிய கார்ட்டைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் என்னிடம் மட்டும் தந்தார். அவர் பெண்சாதி ஒரு தோடம்பழமும் தந்தா. "சாப்பிடுங்கோ அண்ணை" என்றா. பாவம் பார்த்த குரல்.

தையில் மார்க்கம் நகரில் ஒரு மண்டபத்தில் அந்தக் கலியாணம். நான் சாப்பாட்டு வரிசையில் நிற்க ஒரு வயதானவர் தோளில் கை போட்டார்.

"பிள்ளை டொக்டராகிற நேரத்தில என்ன சண்டை? விட்டுக்குடும்."

"சண்டை ஒண்டுமில்லை."

"அப்பிடித்தான் சொல்லுவீர். குடிக்கிறீரோ?"

"இல்லை."

என்னை எல்லாரும் பாவம் என்றார்கள். பழி முழுக்க மனைவிக்குத்தான். திரும்பி வரும்போது காருக்குள் வெடித்தாள்.

"நான் உங்களைப் பனிக்குள்ள கலைச்சுவிட்டனாம். பெம்பிளையளுக்குள்ள இருக்க முடியேல்லை. நாளைக்கே எல்லாருக்கும் சொல்லப்போறன்."

"பொறு. பங்குனியில தெரிஞ்சிடும்."

"கிடைக்காட்டி?"

கிடைக்காவிட்டால் மசாஜ் கதையும் வரும், சண்டைக் கதையும் நிற்கும். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள். அடுத்த நாள் அவள் ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை, இடம் கிடைத்ததா இல்லையா என்று மட்டும் சொல்வார்கள். எந்த ஊர் என்பது வெள்ளிக்கிழமைதான். நான் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தேன். மனைவி சாமிப் படத்துக்கு முன்னால் நின்றாள். விளக்கைக் கொளுத்தவும் பயம்.

அமெரிக்காவுக்குத் திரும்பிப் போயிருந்த மகளிடமிருந்து போன் வந்தது. முதலில் அழுகைதான் கேட்டது.

"அப்பா, கிடைச்சிட்டுது. எமேர்ஜென்சிதான்."

"சரி. அழாதை. வேலை இனித்தான்."

"எனக்காக இனி நீங்கள் காருக்குள்ள படுக்கத் தேவையில்லை."

"ம்" என்றேன்.

மனைவி விளக்கைக் கொளுத்தினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் போன் அந்தத் தம்பிக்குத்தான் எடுத்தாள். கார், குறட்டை, நாய், ஜன்னலில் கை காட்டியது எல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நானும் கேட்கவேண்டும் என்று.

"நல்ல சந்தோசம் அக்கா," என்றார் அவர். "முதுகு பிடிக்கிறதுக்கும் எமேர்ஜென்சி இருக்கோ?"

"உனக்கு நெஞ்சு பிடிச்சால் போய்ப் பார், தெரியும்."

அவர் சிரித்தார். பிறகு, "அத்தானிட்டைக் குடுங்கோ" என்றார்.

"கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன், தம்பி."

"அத்தான், இப்ப சமாதானம்தானே? உள்ளுக்கோ படுக்கிறியள்?"

மனைவி என்னைப் பார்த்தாள். இவ்வளவு சொல்லியும் அவர் சண்டைக் கதையை விடவில்லை; திரும்ப முதலிலிருந்து சொல்ல அவளுக்கும் களைப்பு.

"ஓம்," என்றேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்தேன்.