வனஜா போட்ட சிலாப் தரை

லட்சுமணனின் மனையை வனஜாவுக்குக் காட்டிக்கொடுத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கோபமெல்லாம் அந்த ஆள் மேல் மட்டும்தான் என்று ஆகிவிடும்.

வனஜாவை எனக்குப் பதினைந்து வருடமாகத் தெரியும். நான் ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்து, குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது, சேக்காட்டிலிருந்து சைக்கிளில் பால் கொண்டுவருவாள். தண்ணீர் கலக்கமாட்டாள், கலந்தாயா என்று கேட்டால் சண்டைக்கு வருவாள். சேக்காட்டில் அவள் மாடு கட்டிய இடத்தில் அடுக்குமாடி எழும்பியது. அதற்குள் நான் ஓய்வுபெற்று, திருநின்றவூரில் வீடு கட்டி வந்துவிட்டேன். ஒருநாள் அவளும் கணவன் கோபியும் என் வாசலில் வந்து நின்றார்கள்.

"அஞ்சு மாட்ட வெச்சிகினு அல்லாடறோம் சார். இங்க எங்கனா எடம் கீதா?"

ஏரிப் பக்கம் லட்சுமணனின் மனை சும்மா கிடக்கிறது என்றேன்.

லட்சுமணன் பழைய விவசாயக் குடும்பத்து ஆள். நிலத்தையெல்லாம் விற்றுத் தீர்த்தபிறகு விலைபோகாமல் மிஞ்சிய பள்ளத்துண்டு அது. வாடகை போக, அவன் வீட்டுக்குத் தினமும் இரண்டு லிட்டர் பால் சும்மா போக வேண்டும். எழுத்து கிடையாது, வாய்ப்பேச்சுதான். ஒரே ஒரு நிபந்தனை.

"இன்னா வேணா பண்ணிக்கோ. சிமென்ட் மட்டும் போடாதே. இன்னிக்குத் தரை போடுவே, நாளைக்குப் பட்டா கேப்பே."

ஐப்பசி மழையில் அந்த மனை சேற்றுக்குட்டை ஆயிற்று. மாடுகள் கால் புதைந்து நின்றன. படுக்க இடமில்லாத மாடு நிம்மதியாக அசைபோடாது, பால் குறையும். செவலைப் பசுவுக்குக் குளம்பிடுக்கில் புண் வந்துவிட்டது. அதைக் கழுவிக்கொண்டே வனஜா லட்சுமணனைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. நானும் உள்ளுக்குள் அதையேதான் திட்டினேன்.

பெரிய சாலையில் அப்போது புது மழைநீர்க் கால்வாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய கால்வாயை மூடியிருந்த சிலாப்புகள் ஓரம் உடைந்து மலைபோலக் குவிந்து கிடந்தன. கான்ட்ராக்டருக்கு அவை குப்பை. எடுத்துக்கொண்டு போனால் சரி என்றுவிட்டார். வனஜாவுக்குச் செலவு டிராக்டர் வாடகை மட்டும்தான்.

புருஷனும் பெண்டாட்டியும் சேற்றை வழித்தெறிந்தார்கள். கிரஷர் கல்தூளைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்கினார்கள். அதன்மேல் சிலாப்புகளை நெருக்கி அடுக்கி, இடுக்கில் தூளைத் திணித்தார்கள். மூத்திரம் தேங்காமல் ஓடப் பின்பக்கம் நாலு விரல் தாழ்வு. மாடு முட்டி மடக்கிப் படுக்கும் இடத்தில், அம்பத்தூர் காயலான் கடையில் வாங்கிய பழைய கன்வேயர் பெல்ட் ரப்பர். ஒரு சட்டி சிமென்ட் கிடையாது. தீவன வண்டி வரவேண்டும் என்று வாசல்வரைக்கும் சிலாப் போட்டாள்.

"வாடகை இடத்துக்கு எதுக்கு வனஜா இவ்வளவு? பாதி இடத்துக்குப் போட்டால் போதாதா?"

"அப்ப பாதி மாடு சேத்துல நிக்கணுமா சார்?"

அவள் செய்த தப்பு அதுதான். அடுத்தவன் நிலத்தை மாட்டுக்காகத் திருத்தினாள். லாரிக்கும் அது வசதியாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சித்திரையில் ஒரு லாரிக்காரன் மனையைப் பார்த்துவிட்டுப் போனான். மறுநாளே லட்சுமணன் வந்து நின்றான்.

"இந்த மாசத்தோட காலி பண்ணிக்கோம்மா. லாரி நிறுத்த வுடறேன்."

"செவல நெற சென அண்ணே. இன்னும் இருவது நாள்ல கன்னு போட்ரும். அதுவரைக்கும் பொறுத்துக்கோ. இந்த நெலமைல எங்க ஓட்டிகினு போவேன்?"

"மாட்டுக்கெல்லாம் நான் நாள் பாத்துகினு கீறதா? ஓட்டிகினு போ. ஆனா கல்லுல கை வெக்காதே. என் நெலத்துல பதிஞ்சது என்து."

சமாதானம் பேசப் போனேன். "சார், நீங்க பால் வாங்கறவரு. வாங்கிகினு போய்க்கினே இருங்க" என்றான். அவள் வீட்டுப் பாலை எட்டு மாதமாக ஓசியில் குடித்த வாய் அது. எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்து என்ன பயன், தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

வனஜா குனியவில்லை. மறுநாள் விடிந்ததும் கடப்பாரையை எடுத்தாள். நான் போய் நின்றபோது வாசலிலிருந்து ஆரம்பித்திருந்தாள். அவள் நெம்ப, கோபி புரட்டித் தூக்க, சிலாப்புகள் டிராக்டரில் ஏறின. மற்ற மாடுகளை வெளியே கட்டியிருந்தார்கள். செவலை மட்டும் ஒரு மூலையில் கலைக்காத தரையில் நின்றது. லட்சுமணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"ஏய், என் நெலத்த நோண்டாதே! போலீசுக்குப் போவேன்!"

"போ. சிமென்ட் போடாதேன்னு சொன்னது யாருன்னு அங்கயும் கேப்பாங்க. ஒட்டாத கல்லு எப்டிய்யா ஒன் நெலம் ஆவும்?"

ஒவ்வொரு சிலாப்பாகப் போகப் போக அவன் குரலும் இறங்கியது.

"சரிம்மா, கன்னு போடற வரைக்கும் இருந்துக்கோ. கல்ல அப்டியே வுட்டுடு."

"நேத்து கேட்டேனே, அப்ப எங்க போச்சு இந்த வாயி? ஒன் பேச்ச நம்பினது போதும்."

டிராக்டர் நிரம்பியது. ஓட்டுகிறவன் திரும்பிப் பார்த்தான். "எங்கக்கா எறக்கணும்?" என்றான். வனஜா கோபியைப் பார்த்தாள். கோபி தரையைப் பார்த்தான்.

பதில் என்னிடம்தான் இருந்தது. என் வீட்டை ஒட்டி, மகன் அஸ்வினுக்கென்று வாங்கிப்போட்ட மனை மூன்று வருடமாகப் புல் முளைத்துக் கிடக்கிறது. மேட்டு மனை, தண்ணீர் தேங்காது. அவள் முதல்நாள் வந்து இடம் கேட்டபோதும் அது அங்கேதான் இருந்தது. சாணி நாற்றம் வரும், ஈ மொய்க்கும் என்று வாயை மூடிக்கொண்டு, ஏரிப் பக்கம் கையைக் காட்டிவிட்டேன். லட்சுமணனை அயோக்கியன் என்று திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

"என் மனைக்கு விடப்பா" என்றேன்.

டிராக்டர் வந்து நின்றது. வனஜா கடப்பாரையை ஊன்றிக்கொண்டு மனையை நாலாபுறமும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது இத்தினி நாளா இங்கதான் இருந்துச்சா சார்?"

"எத்தனை நாள் வேண்டுமானாலும் இருந்துகொள். வாடகைகூட வேண்டாம்" என்றேன். நன்றி சொல்வாள் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எதிர்பார்த்தேன்.

"வாடக தரேன். எழுதிக் குடு சார்."

சுருக்கென்றது. "பதினைந்து வருடப் பழக்கம் வனஜா. என்னையுமா நம்பமாட்டாய்?"

"எழுதிக் குடுத்தாத்தான் எறக்குவேன்."

கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய்க் காகிதம் எடுத்தேன். மூன்று வருடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். வெயிலில் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். காகிதத்தை என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"நான் போவும்போது தரை என்துன்னும் எழுது சார்."

எழுதினேன்.