பூசணிக்காய்த் தூது

கல்யாண விருந்துகளில் பக்கத்து நாற்காலியில் மாட்டிக்கொண்டவரிடம் முப்பது ஆண்டுகளாக நான் ஒரே கதையைச் சொல்லிப் பெருமை அடித்து வந்திருக்கிறேன். பதினொரு வயதில் நான் கேட்டு வாங்கிய ஒரு பூசணிக்காயால்தான் என் தாய்மாமாவுக்குக் கல்யாணம் நடந்தது என்பது கதை. ரசம் வரும்வரை இழுப்பேன். மோர் வந்த பிறகும் சிலர் எழுந்து போக வழியில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். தமிழில் அன்னத்தைத் தூது விட்டிருக்கிறார்கள், கிளியை விட்டிருக்கிறார்கள், மேகத்தையும் நெஞ்சையும்கூட விட்டிருக்கிறார்கள்; பூசணிக்காயோடு தூது போனவன் நான் ஒருவன்தான் என்று முடிப்பேன். இதில் நான் எவ்வளவு பெரிய அசடு என்பது போன தீபாவளிக்குத்தான் தெரிந்தது. கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அசட்டுத்தனம் பின்னால் தானாக வந்து சேரும்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் வளர்த்தாள். எந்தச் சட்டை போடுவது, எந்தப் பக்கம் வகிடு எடுப்பது எல்லாமே அக்கா உத்தரவு. அவர் மருத்துவம் படிக்க உக்ரைனுக்குப் போனதும் அக்கா உத்தரவுதான். அங்கே போன பிறகு வகிட்டை மாற்றிக்கொண்டார் என்று போட்டோ பார்த்துக் கண்டுபிடித்து, அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மாமா படிப்பை முடித்த ஆண்டு, ஆகஸ்டு பள்ளி விடுமுறையில் அப்பா, அம்மா, நான் மூவரும் அவரை அழைத்து வரப் போனோம். அப்பா எங்கள் பினாங்கின் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தார். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே தொங்கும் திரைச்சீலையைத் தேய்த்துப் பார்க்காமல் இருக்க மாட்டார். அம்மாவின் கைப்பையில் மிளகாய்த்தூள் இருந்தது, ஊறுகாய் இருந்தது, பட்டர்வொர்த்திலும் சுங்கைப்பட்டாணியிலும் இருந்து வந்திருந்த பெண்களின் போட்டோக்களும் இருந்தன. மாமாவுக்குப் பெண் பார்க்கும் வேலையை அம்மா விமானத்திலேயே பாதி முடித்துவிட்டாள்.

கீவ் நகரில் இறங்கியதும் மாமா ஒரு யோசனை சொன்னார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு தினீப்பர் ஆற்றில் கப்பலில் போகாமல் திரும்பினால் ஊரில் சிரிப்பார்கள் என்றார். ஊரில் யாருக்கும் அப்படி ஓர் ஆறு இருப்பதே தெரியாது. ஆனாலும் ஊர் சிரிக்கும் என்று சொன்னால் அம்மா எதற்கும் சம்மதிப்பாள் என்பது மாமாவுக்குத் தெரியும்.

கப்பல், எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்குப் போகும் நம் பினாங்கு ஃபெரியைவிட நீளம். வேகம் ஃபெரியைவிடக் குறைவு. காலையில் முட்டைக்கோஸ், மதியம் பீட்ரூட் சூப், இரவில் இரண்டும். ஆறு கடல் மாதிரி அகலம். அப்பா ஒருநாள் முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, “அந்தப் பக்கம் பட்டர்வொர்த் இல்லைன்னா என்னா ஆறு இது?” என்றார்.

அடுத்த நாள் காலையில் ஒரு சின்ன ஊரில் கப்பல் நின்றது. ஊரின் பெயரை அப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை, இப்போதும் முடியாது. படித்துறையில் சில பெண்கள் கருவாடும் சூரியகாந்தி விதையும் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கூவவில்லை. வாங்கினால் வாங்கு, வாங்காவிட்டால் போ என்பதுபோல ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேட்டின்மேல் நீலச் சன்னல் வைத்த வெள்ளை வீடுகள். தெருவில் ஆப்பிள்கள் பொறுக்க ஆளில்லாமல் விழுந்து கிடந்தன. அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. “ரோட்டுல கிடக்குது பாருங்க, ஒரு பிளாஸ்டிக் கொண்டாந்திருக்கலாம்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவ்வளவு அமைதியான ஊரை நான் பார்த்ததில்லை. எங்கள் குரல் மட்டும்தான் கேட்டது. அதுவே ஊருக்கு அதிகம்.

மற்ற பயணிகள் எல்லாரும் மியூசியம் பார்க்கப் போனார்கள். “மியூசியம் எதுக்கு? என்கூடப் படிச்ச ஃப்ரெண்டு வீடு இங்கதான் இருக்கு. ஒரு டீ குடிச்சிட்டு வந்துருவோம்” என்றார் மாமா. ஃப்ரெண்டு ஆணா பெண்ணா என்று அவர் சொல்லவில்லை. கதவு திறந்ததும் தெரிந்துபோயிற்று. உயரமான ஓர் அக்கா, மஞ்சள் பின்னலைத் தோளில் முன்னால் போட்டுக்கொண்டு கைகூப்பி, “வாங்க, வாங்க, சாப்பிடுங்க” என்றார். வந்ததும் சாப்பிடச் சொல்லக் கூடாது, முதலில் உட்காரச் சொல்ல வேண்டும் என்று மாமா சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

அம்மா அந்தப் பின்னலை ஒரு பார்வை பார்த்தாள், தன் தம்பியின் வகிட்டை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், எல்லாம் புரிந்துவிட்டது. எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

அந்த அக்காவின் அம்மா மேசை நிறையப் பரப்பியிருந்தார். டீ, ரொட்டி, தேன், உள்ளே செர்ரிப் பழம் வைத்து அவித்த கொழுக்கட்டை மாதிரி ஒன்று. அம்மா “வயிறு சரியில்ல” என்று சொல்லி டீயைத் தள்ளி வைத்தாள். சம்பந்தம் பேசி முடிக்காத வீட்டில் கை நனைப்பதில்லை என்பது அவளுடைய சட்டம். சம்பந்தமே வேண்டாம் என்று முடிவு செய்த வீட்டில் எப்படி நனைப்பாள்? இந்தச் சட்டமெல்லாம் அப்பாவுக்கு நினைவு வருவதற்குள் அவர் ஏழெட்டுக் கொழுக்கட்டையை முடித்திருந்தார். முடித்துவிட்டு, அலமாரிமேல் இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்த நீளமான பூவேலைத் துண்டைத் தேய்த்துப் பார்க்கக் கையை நீட்டினார். அந்த அம்மா பட்டென்று அவர் கையைத் தட்டிவிட்டார். துணிக்கடைக்காரரின் கையை அதுவரை யாரும் தட்டியதில்லை. அப்பா முகம் வாடிப் போனது.

மாமா அம்மாவிடம் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். இந்த அக்காதான் வகுப்பில் முதலாவதாம். குளிர்காலத்தில் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தபோது சூப் வைத்துக்கொண்டு வந்தாராம். “அப்படியா?” என்றாள் அம்மா. அம்மாவின் “அப்படியா”வுக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பேச்சைத் தொடர்ந்ததில்லை. கொஞ்ச நேரத்தில் கப்பலுக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிட்டாள். கப்பல் கிளம்ப இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

எல்லாரும் வாசலில் செருப்புப் போடும் நேரத்தில் அந்த அக்கா என்னைக் கையைப் பிடித்துப் பின்பக்கத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். ஆப்பிள் மரம், தக்காளி, வேலியோரமாகப் பூசணிக்கொடி. அந்த ஆண்டின் முதல் காய், பழுத்து மஞ்சளாகக் கிடந்தது. கப்பலில் அம்மா நாள் முழுக்க, “ஒரு பூசணிக்காய் சாம்பாருக்கு என் உயிரையே கொடுப்பேன்” என்று புலம்பியது எனக்கு ஞாபகம் வந்தது. கையை நீட்டிக் காட்டினேன். அக்கா என்னைப் பார்த்தார், ஏனோ சன்னலைப் பார்த்தார். பிறகு காம்பை அறுத்துக் காயை என் கையில் வைத்தார். என் கதையில் நான் கதாநாயகனாகும் இடம் இது. விருந்துகளில் இங்கே கொஞ்சம் நிறுத்துவேன்.

மாமாவும் அப்பாவும் முன்னால் போய்விட்டார்கள். அம்மா யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று இறங்கினாள். நான் காயைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கப் படித்துறைக்கு வந்து சேர்ந்தேன். மாமா திரும்பிப் பார்த்தார். காயைப் பார்த்தார்.

“யாரு கொடுத்தா?”

“அந்த அக்காதான். கையில கொடுத்தாங்க.”

மாமா கப்பல் கயிறு கட்டும் இரும்புக் குற்றியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அழ ஆரம்பித்தார். பெரிய ஆள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கருவாடு விற்ற பெண்கள் என் கையில் இருந்த காயைப் பார்த்தார்கள், மாமாவைப் பார்த்தார்கள், ஒருத்தி ‘ச்சொ’ கொட்டினாள். ஊரே சேதி தெரிந்த மாதிரி இருந்தது.

“என்னாடா? பூசணிக்காய்க்கு எதுக்குடா அழுவுற?” என்றாள் அம்மா.

“அக்கா, உங்களைக் கூட்டிட்டு வந்ததே பொண்ணு கேக்கத்தான். இந்த ஊர்ல பொண்ணு கேட்டு வந்தவங்களை வேணாம்னா வாயால சொல்ல மாட்டாங்க. கையில ஒரு பூசணிக்காயக் கொடுத்து அனுப்பிடுவாங்க. முடிஞ்சிருச்சுக்கா.”

அம்மாவின் முகம் மாறியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் நிம்மதி வந்தது. நினைத்தது நடந்துவிட்டதல்லவா? அந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அதன்மேல் வேறொன்று ஏறியது.

“யாரு யாரை வேணாங்கிறது? என் தம்பியவா? டாக்டருக்குப் படிச்சவன! பட்டர்வொர்த்துல ஜாதகத்த வச்சிக்கிட்டு வரிசையில நிக்கிறாங்க! நான் வேணாம்னு சொல்லலாம், இவங்க எப்படி லா சொல்லலாம்?”

“விடும்மா, கப்பல்…” என்றார் அப்பா.

“கப்பல் நிக்கட்டும்!”

என் கையிலிருந்து காயைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். நாங்கள் பின்னால் ஓடினோம். நடுவழியில் கப்பல் ஒருமுறை ஊதியது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கேட்டில் அந்த அக்காவும் அவர் அம்மாவும் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா காயைக் கீழே வைத்துவிட்டுத் தமிழில் பேசினாள். தம்பியைத் தூக்கி வளர்த்தது, டியூஷனுக்குக் கெலுகோருக்குப் பஸ் ஏற்றிவிட்டது, பனியில் போட ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தது எல்லாம் வந்தது. அந்த அம்மா தன் மொழியில் அதே நீளத்துக்குப் பதில் சொன்னார். மொழிபெயர்க்க வேண்டிய மாமா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். ஒருத்தி சொன்னது மற்றவளுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே இடத்தில் அழுதார்கள். பிறகு அம்மா விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். மேசையில் அவள் தள்ளி வைத்த டீ அப்படியே ஆறிக் கிடந்தது. எடுத்து நின்ற வாக்கிலேயே ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கோப்பையை வைத்தாள்.

“கை நனைச்சிட்டேன். சொல்லுடா அவங்ககிட்ட.”

மாமா சொன்னார். அந்த அம்மா அலமாரிமேல் இருந்த துண்டை உதறி அப்பாவின் தோளில் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்தார். அங்கே மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்மதம் சொல்கிற முறை அது. அப்பாவுக்கு அது தெரியாது. பினாங்கில் எத்தனையோ கூட்டங்களில் மற்றவர்களுக்குப் பொன்னாடை போர்த்தியபோது கை தட்டியவர். தனக்கு ஒருவரும் போர்த்தியதில்லை. கைகூப்பி, தொண்டையைச் செருமி, “இந்தச் சிறப்பான வேளையில்…” என்று தொடங்கி இரண்டு நிமிடம் நன்றியுரை ஆற்றினார். அந்த அம்மா மிகுந்த மரியாதையோடு கேட்டார். நான் கை தட்டினேன்.

கிளம்பும்போது அம்மா இருவரையும் பக்கத்தில் நிறுத்தி, அதே பூசணிக்காயால் சுற்றித் திருஷ்டி கழித்து, தெருவில் போட்டு உடைத்தாள். வேண்டாம் என்று கொடுத்த காயைச் சம்பந்தி வாசலிலேயே சிதறடித்ததைப் பார்த்து அந்த அம்மா முதலில் சிலுவை போட்டுக்கொண்டார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கப்பல் இரண்டாம் முறை ஊதியது. ஓடினோம். எல்லாரும் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். எனக்கு மட்டும் துக்கம். மூச்சு வாங்கத் தூக்கி வந்த காய், சாம்பாராகாமல் ரோட்டோடு போய்விட்டதே!

அடுத்த தை மாதம் பினாங்கில் கல்யாணம். “நாங்களா தேடிப் போய்க் கேட்டுக் கட்டுனோம்” என்று அம்மா இன்றும் எல்லாரிடமும் சொல்கிறாள். என் அத்தையாகிவிட்ட அந்த அக்கா இப்போது கெலுகோரில் கிளினிக் வைத்திருக்கிறார். நோயாளிகளைப் பினாங்கு வழக்கப்படி, எங்களைவிட நன்றாக ‘லா’ போட்டு அதட்டுகிறார். அங்கே போர் வந்த பிறகு அவருடைய அம்மாவும் இங்கேயே வந்துவிட்டார். ஆற்றங்கரை வீடு இன்னும் நிற்கிறது, பக்கத்து வீட்டார் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள். வாராவாரம் போன் போட்டு, எந்தச் செடிக்கு எவ்வளவு என்று இங்கிருந்தே திட்டுகிறார். திரும்பிப் போகும்வரை சும்மா இருக்க முடியாதென்று மாமா வீட்டு வேலியில் பூசணி போட்டிருக்கிறார். என் அம்மாவோடு இன்னும் பொது மொழி கிடையாது. தினமும் பேசுகிறார்கள்.

போன தீபாவளிக்கு அந்த வீட்டில்தான் மாமாவின் நண்பர் ஒருவரைப் பிடித்து வைத்து இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். “கேட்டு வாங்கினேன்” என்ற இடத்தில், வழக்கம்போல, நிறுத்தினேன். முறுக்குத் தட்டோடு வந்த அத்தையும் நின்றார். நண்பர் சாக்கு சொல்லி எழுந்து போனதும் என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார்.

“தம்பி, நீ எங்க கேட்டே? நீ ஆப்பிளக் காட்டுனே. நான்தான் பூசணிக்காய அறுத்து உன் கையில வச்சேன்.”

“ஆப்பிளா?” என்றேன்.

“உங்க மாமா ஆறு வருஷமா அக்கா கதைதான் சொல்லுவாரு. அக்காகிட்ட சரின்னா வேணாம்பாங்க, வேணாம்னா விடவே மாட்டாங்கன்னு. அன்னிக்கு உங்கம்மா டீயத் தள்ளி வச்சாங்க பாரு, அப்பவே முடிவு பண்ணிட்டேன். துண்டு காலையிலயே அயர்ன் பண்ணி வச்சாச்சு, வீணாக்க முடியுமா?”

“அப்ப மாமா அழுதது?”

“அது நிஜம். அவருகிட்ட சொல்லல. அவருக்கு நடிக்க வராது லா, சிரிச்சிருவாரு.”

“அம்மா திரும்பி வராம இருந்திருந்தா?”

அத்தை சன்னலுக்கு வெளியே பூசணிக்கொடியைப் பார்த்தார். “நான் ஓடி வந்திருப்பேன். செருப்பு போட்டுத்தான் நின்னேன்.” பிறகு, “உங்கம்மாகிட்ட சொல்லிறாதே” என்றார். அம்மா நான் எழுதுவது எதையும் படிப்பதில்லை என்பதால் தைரியமாக இங்கே எழுதுகிறேன்.

மிச்சம் இருந்த மானத்தைக் காப்பாற்ற ஒரு கேள்வி கேட்டேன். அத்தனை பேர் இருக்கும்போது அந்தப் பொறுப்பை என்னிடம் ஏன் கொடுத்தீர்கள்? பதினொரு வயதிலேயே என்னிடம் ஏதோ ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா?

“பாக்கல. உங்க மாமாதான் சொல்லியிருக்காரு. கையில எதக் கொடுத்தாலும் எதுக்குன்னு கேக்காமத் தூக்கிட்டுப் போவான்னு” என்றார் அத்தை. “இப்பவும் பாரு, இந்த முறுக்குத் தட்ட நான் எப்போ உன் கையில கொடுத்தேன்?”