தொண்ணூற்றாறில நிண்ட நீலக் காய்

விழுந்தது ரெண்டு

பாம்பும் ஏணியும் பலகையைத் தூக்கினன், கை சறுக்கிச் சரிஞ்சிட்டுது. சிவப்புக் காயும் பச்சைக் காயும் உருண்டு முற்றத்து மணலுக்க போயிட்டுது. நீலக் காய் மட்டும் 96ஆம் கட்டத்தில அப்பிடியே நிக்குது. பலகை செங்குத்தாக் கிடக்கு, காய் விழேல்லை. ஒட்டியிருக்காக்கும் எண்டு விரலால தொட்டுப் பாத்தன். லேசாக் கழண்டு கையோட வந்திட்டுது.

வீட்டுக்காரி பரிமளக்கா குசினிக்குள்ள இருந்து வந்து பாத்தவ. "அதை மட்டும் நிண்ட இடத்தில வையும் பிள்ளை."

ஒரே ஒரு சட்டம்

தேத்தண்ணிக் கேத்தில் கொதிக்குமட்டும் மிச்சத்தையும் ரைப் பண்ணிப்போடுறன். 2006இல எனக்கு ஸ்கந்தபுரத்தில ஒரு முன்பள்ளியில வேலை. பின்னேரத்தில சைக்கிள்ள பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வீடாப் போய் விளையாட்டுச் சாமான் இரவல் குடுக்கிறது. பம்பரம், பொம்மை, கேரம், எல்லாம் இருந்தது. எனக்கு அதில ஒரு பைத்தியம். சட்டம் ஒண்டுதான்: பெரியாக்கள் ஒராள் எண்டாலும் பிள்ளையோட இருந்து விளையாட வேணும், கிழமைக்கு ஒருக்கால் சாமானை மாத்த வேணும்.

பரிமளக்கா வீடு மட்டும் நாலு மாசமாப் பலகையைத் திருப்பித் தரேல்லை. அவவும், ஏழு வயசு மகள் நிரோஜாவும், மூத்தவன் சசியும் விளையாடிக்கொண்டிருக்கேக்க சசிக்கு பஸ்ஸுக்கு நேரமாயிட்டுதாம். எழும்பி வவுனியாவுக்குப் போனவன், ஓமந்தை ஆமிச் சோதனைச்சாவடி தாண்டினதோட ஒரு தகவலும் இல்லை. பலகையை விறாந்தையில அப்பிடியே வச்சு, பனையோலைக் கடகத்தால மூடியிருக்கினம். நான் கேக்கிற நேரமெல்லாம் ஒரே பதில். "வந்து முடிக்கிறன், குழப்பாதேங்கோ எண்டு சொல்லிட்டுப் போனவன். விளையாட்டு முடிஞ்சிட்டா பிறகு ஏன் வரப்போறான்?"

பக்கத்து வீடு

அடுத்த முறை பக்கத்து வீட்டு யோகண்ணைக்கு. அவருக்கு ரெண்டு பெட்டைப்பிள்ளையள், பலகைக்காகக் காத்துக்கொண்டிருந்ததுகள். "இண்டைக்கு எப்பிடியும் எடுத்துத் தாறன் அண்ணை" எண்டன். மனுசன் வேலிப் பக்கம் ஒருக்கால் பாத்திட்டுக் குரலைத் தணிச்சார். தாயும் மகளும் வயலுக்குப் போற நாளில, ஆளில்லாத வீட்டுக்குள்ள சிரட்டையில தாயக்கட்டை குலுக்கிற சத்தம் கேக்குதாம். பட்டப்பகல்ல. "எங்களுக்குப் பம்பரத்தைத் தாங்கோ ரீச்சர். அந்தப் பலகையில இப்பவும் ஆரோ விளையாடுகினம்."

சசியின்ர முறை

நான் கேட்டாத்தானே. நேரை போனன். பரிமளக்கா குசினிக்குள்ள. காய் நிண்ட கட்டங்களை மனசில குறிச்சு வச்சாப் போதும் எண்டு நினைச்சு, சொல்லாமலே பலகையைத் தூக்கப் போய்த்தான் முதல்ல சொன்ன அந்தச் சரிவு. பிடிபட்ட பயத்தில வாயும் சும்மா இருக்கேல்லை. "குழம்பிட்டுதுதானே அக்கா, முடிச்சுவிடுவம். சசிக்கு நான் போடுறன்."

பரிமளக்கா பலகையை நிமித்தி, நீலக் காயைத் திரும்ப 96இல வச்சா. "போடும். நாலு விழுந்தாத்தான் அவனுக்கு நூறு. விழாது."

குலுக்கிப் போட்டன். நாலு.

"சரிஞ்சு விழுந்தது, செல்லாது," எண்டா. தாயக்கட்டை நேராத்தான் கிடந்தது. திரும்பப் போட்டன். நாலு. "பாயில தட்டினது, செல்லாது." எனக்கு இனிப் போட மனமில்லை. முற்றத்தில காய் பொறுக்கிக்கொண்டு வந்த நிரோஜாதான் சிரட்டையை என்ர கையில திணிச்சாள். மூண்டாந்தரமும் நாலு.

பரிமளக்கா நீலக் காயை எடுத்து நூறில வச்சா. "வேலிப் படலையைத் திறந்துவிடும் பிள்ளை" எண்டா. போய்த் திறந்தன். வெய்யில், ஒருத்தரும் இல்லாத வெறும் ஒழுங்கைப் பாதை. எனக்குப் பின்னால நிரோஜா ஒரு வாளி தண்ணியைக் கொண்டுவந்து வச்சாள். என்னைத் தாண்டி, ஒரு ஆள் உயரத்துக்கு அண்ணாந்து பாத்துச் சொன்னாள்: "காலைக் கழுவிட்டு வாங்கோ அண்ணா."

விளையாட்டுச் சாமான் குடுக்கிறது லேசான வேலை எண்டு சொல்லுறவையை, ஒருக்கால் அந்த விறாந்தையில சசியின்ர இடத்தில இருத்திவிட வேணும்.