மருமகன் முன்னால் கழற்றாத பல்

என் கட்டுப்பல் பலபேர் நடுவில் கழன்றது கோயில் அன்னதானத்தில். பயற்றங்காய் ஒன்றைக் கடித்தேன். கீழ் வரிசை அப்படியே முன்னுக்கு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பினேன். பக்கத்திலிருந்த மனுசி, "என்னக்கா, மிளகாயைக் கடிச்சுப்போட்டீங்களோ?" என்று கேட்டா. ஓம் என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு நான் பந்தியில் இருக்கவில்லை. கலியாணவீடு, பிறந்தநாள் என்று யார் கூப்பிட்டாலும் தலையிடி என்றேன். வீட்டில்கூட எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு குசினியில் தனியே நின்று சாப்பிட்டேன். பேத்திக்கு அப்போது ஏழு வயது. "அம்மம்மா, நீங்க கதைக்கேக்க உங்கட பல்லு டான்ஸ் ஆடுது" என்பாள். அவளோடு கதைப்பதையும் குறைத்துக்கொண்டேன்.

மகள்தான் தமிழ்க் கடையில் எடுத்த பேப்பரைக் கொண்டுவந்து ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். தாடை எலும்பில் திருகாணி இறக்கி, அதன்மேல் முழு வரிசையையும் பூட்டிவிடுவார்களாம். பிறகு கழலவே கழலாதாம். "திரும்ப எல்லாரோடையும் இருந்து சாப்பிடலாம் எணை," என்றாள். எனக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான்.

மகளுக்குத் தையல் தொழிற்சாலையில் பகல் வேலை. லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள். இந்த ஊரில் அலுவலெல்லாம் பிரெஞ்சில்தான், அது அவளுக்குப் பெரிதாக வராது. மருமகன் லாசாலில் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தார். பகலில் நிற்பார், கார் ஓடுவார், பிரெஞ்சு நன்றாகக் கதைப்பார். ஆகவே அவர்தான் என்னைக் கூட்டிப் போவது என்று முடிவாயிற்று. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்?

அதுவரை ஆறு வருடமாக ஒரே அப்பார்ட்மென்டில் இருந்தோம். அந்த ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அவர் என்னைப் பல்லில்லாமல் பார்த்ததில்லை. அவர் வேலையால் வருவதற்கு முன்னமே எழும்பி, முகம் கழுவி, பல்லைப் போட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி வைப்பேன். அவர் நல்ல மனுசன். என்னை ஒரு சொல் சொன்னதில்லை. கூச்சம் என்னுடையது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் மாமிமார் மருமகனுக்கு முன்னால் கால் நீட்டி இருக்கமாட்டார்கள், பல் தெரியச் சிரிக்கமாட்டார்கள். நானும் அப்படியே வந்துவிட்டேன்.

முதலில் போனது நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு பழைய கட்டடத்துக்கு. படியேறிப் போகவேண்டும். ஒரு அறை, ஒரு கதிரை. டொக்டருக்கு என்னுடைய வயதிருக்கும். "பொன்ஜூர் மடாம்" என்று கையைப் பிடித்து என்னை இருத்தினார். மருமகன் என் குளிர்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கால்மாட்டில் நின்றார்.

"மாமி, பல்லைக் கழட்டட்டாம்."

நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

"கழட்டினால்தானாம் பார்க்கலாம். எங்க நோகுது எண்டும் கேக்கிறார்."

"நோகேல்லை."

"ஒரு இடத்திலயும் இல்லையோ?"

"இல்லைத் தம்பி."

உண்மையில் வலது பக்க முரசு, அந்த ஈறுச் சதை, மாதக்கணக்காகப் புண்ணாகிக் கிடந்தது. பின்னேரம் துப்பினால் இரத்தம் வரும். "தம்பி, கொஞ்சம் வெளியில நில்லுங்கோ" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மனதுக்குள் இரண்டு தரம் சொல்லியும் பார்த்தேன். ஆனால் அவர் ஏன் என்று யோசிப்பாரே, யோசித்து விளங்கிக்கொள்வாரே. அதை நினைக்க இன்னும் கூச்சமாகப் போயிற்று. டொக்டர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டுப் பொறுமையாக இருந்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது காரில் மருமகன் சொன்னார்: "பார்க்காமல் ஒண்டும் சொல்லேலாதாம் மாமி. இன்னொரு நாளைக்கு மகளோட வரட்டாம்."

என் பாஷை தெரியாத அந்த டொக்டர் என் கூச்சத்தை விளங்கிக்கொண்டுவிட்டார்.

அன்று பின்னேரம் மகள் பிடித்துக்கொண்டாள். "வாயைத் திறக்க என்னெணை பயம்? அவர் என்ன கடிச்சுப்போடுவாரோ?"

"எனக்கு அந்தாளைப் பிடிக்கேல்லை. கிழவன். கை நடுங்குது."

அவருடைய கை நடுங்கவேயில்லை. அப்படி ஒரு பொய் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. மகளுக்கு லீவு எடுக்கும் கரைச்சல் வேண்டாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். மருமகன் அடுத்த அறையிலிருந்து, "மாமிக்கு இளம் டொக்டர்தான் சரிவரும்போல," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

இரண்டாவது இடம் பாலம் கடந்து புரோசார்ட்டில், கடைத்தொகுதி ஒன்றுக்குள். ஒரே வெளிச்சம். வாசலில் மீன்தொட்டி. ஒரு பெட்டை வந்து என்னை எக்ஸ்ரே அறைக்குள் கூட்டிப்போனாள். மருமகனும் பின்னால் வர, கையைக் காட்டி மறித்துக் கதவைச் சாத்தினாள். பிறகு ஒரு கடதாசிக் கோப்பையை நீட்டினாள். நான் இரண்டு வரிசையையும் கழற்றி அதில் போட்டேன். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, அவ்வளவு ஆறுதல்.

படம் எடுத்து, பல்லைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். டொக்டர் கொஞ்ச நேரம் வந்து நின்றார். படத்தைக் காட்டிக் கெதியாகக் கதைத்தார். முதலில் கீழே நாலு திருகாணி, அன்றைக்கே பல்லும் பூட்டி அனுப்பலாம் என்று மருமகன் விளங்கப்படுத்தினார். என் வாய்க்குள் டொக்டர் கை வைத்துப் பார்க்கவில்லை. நோகுதா என்று கேட்கவுமில்லை. அதுவே எனக்கு நல்லதாகப் பட்டது.

"அந்தப் பழைய டொக்டரிட்டையும் ஒருக்காக் கேப்பமே மாமி?"

"வேண்டாம் தம்பி. இதுதான் நல்ல இடம்."

ஒரு சாத்திய கதவுக்காகத்தான் அந்த இடத்தைத் தெரிந்தெடுத்தேன்.

பூட்டிய புதிதில் ஒருநாள், ஒரேயொரு நாள், எல்லோரோடும் மேசையில் இருந்து இடியப்பம் சாப்பிட்டேன். பேத்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பனி கரைவதற்கு முன் ஒரு திருகாணி ஆடத் தொடங்கியது. கழற்றினார்கள். பிறகு பக்கத்தில் இருந்ததும் ஆடியது. வீங்கி, சீழ் வைத்து, கோடைக்குள் நாலும் போய்விட்டன. எலும்பில் பலமில்லையாம். இடுப்பில் எலும்பு வெட்டி வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். பழைய கட்டுப்பல்லைப் போட்டுப் பார்த்தேன். அது இருக்கக் கீழ்த் தாடையில் எலும்பு மேடு ஒன்றும் மிஞ்சவில்லை.

அப்போதுதான் மகள் ஒருநாள் லீவு எடுத்தாள். மெத்ரோவில் ஏறி, பிறகு பஸ் எடுத்து, அந்தப் பழைய கட்டடத்துப் படிகளில் திரும்பவும் ஏறினோம். டொக்டர் என்னை மறக்கவில்லை. கேட்கும் முன்னமே நான் வாயைத் திறந்தேன். முரசு முழுவதையும் விரலால் மெல்ல மெல்லத் தடவிப் பார்த்தார். பிறகு மகளோடு நெடுநேரம் ஆறுதலாக இங்கிலீசில் கதைத்தார்.

"என்னவாம் பிள்ளை?"

"அண்டைக்கே பார்த்திருந்தால் ரெண்டு திருகாணி மட்டும் போட்டு, கழட்டிப் பூட்டுற பல்லுக் கட்டியிருக்கலாமாம். மெல்லிய எலும்புக்கு அதுதானாம் தாங்கும்."

"இனி?"

"இனி ஏலாதாம் அம்மா."

படியிறங்கும்போது நடுவில் நின்று கேட்டாள். "அவரிட கை நடுங்கேல்லையே எணை. ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உன்ர மனுசன் அதில நிண்டவர். அவருக்கு முன்னால எப்பிடிக் கழட்டுறது?"

அவள் ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. "இதுக்கோ," என்று மட்டும் கேட்டாள். அவள் தன் கணவரிடம் இதைச் சொன்னாளோ என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருக்கமாட்டாள்.

இப்போது கீழே ஒன்றும் போடமுடியாது. மருமகன் வேலையால் வரும் நேரத்துக்கு நான் அறைக்குள் இருந்துவிடுகிறேன். தேத்தண்ணியை அவரே வைக்கிறார். கொஞ்ச நேரத்தில் வாசலில் வந்து நின்று, "மாமி, உங்களுக்கும் ஊத்தவோ?" என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தால் காற்றுத்தான் வரும், சொல் குழறும், அவருக்குக் கேட்டுவிடும். "ம்ம்" என்று மட்டும் சொல்வேன். அதை அவர் ஓம் என்று எடுத்து, கோப்பையைக் கதவடியில் வைத்துவிட்டுப் போய்ப் படுப்பார். அவர் நித்திரையானதும் எழும்பிப் போய் எடுப்பேன். அதற்குள் அது ஆறிவிடும்.