சுருட்டாத கம்பி

எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். வீட்டில் கேட்டால் கொஞ்சமில்லை என்பார்கள். பூவரசங்குளத்துப் பக்கம் எங்கள் வயல்வெளிக்கு ஊராகச் சேர்ந்து மின்வேலி போட்டபோது, விதைப்புக்கு முன் கம்பி கட்டுவது, அறுவடை முடிந்த கிழமையே சுருட்டிவிடுவது என்று சங்கத்தில் தீர்மானித்தோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு வேலி பொறுப்பு. நெல் எங்களுக்கு. அறுவடைக்குப் பிறகு மிஞ்சும் நெல்தாளும் குளத்துக்குப் போகும் வழியும் யானைக்கு. அந்தத் தீர்மானத்துக்கு முதலில் கையுயர்த்தியவனே நான்தான்.

காது கிழிந்த தனியன் யானை ஒன்று அறுவடை முடிந்தால் பின்னேரங்களில் வரும். தாளை மேயும், குளத்தில் தண்ணீர் குடிக்கும், போய்விடும். ஒருவரையும் தொட்டதில்லை. சும்மா சொல்லக்கூடாது, எங்களில் சிலரைவிட ஒழுங்கான சீவன்.

போன வருடம் அறுவடைக்குப் பிறகும் மண்ணில் நல்ல ஈரம். ஆசை விடவில்லை. குளக்கட்டோரத்து என் காணியில் உழுந்து போட்டேன். மற்றவர்கள் கம்பியைச் சுருட்ட, நான் அதை உழுந்தைச் சுற்றிக் கட்டி மின்சாரம் விட்டேன். ஒதுக்குப்புறமான மூலை அது. பக்கத்து வளவு வீட்டில் தனியாக இருக்கும் அக்காவைத் தவிர ஒருவர் கண்ணிலும் படாது.

"தம்பி, தனியன் தண்ணிக்குப் போற வழியெல்லோ அது?" என்று அவர் கேட்டார்.

"ரெண்டு மாசம் சுத்திப் போகட்டும், அக்கா."

"ஊரோடை கதைச்சது ஒண்டு, செய்யிறது ஒண்டோ?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "உங்கடை வேலையைப் பாருங்கோ" என்றுவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் பின்னேரம், வெளிச்சம் இருக்கும்போதே, தனியன் வந்தது. என் கம்பியில் தும்பிக்கை பட்டதும் பிளிறிக்கொண்டு திரும்பி ஓடியது. ஓடிய ஓட்டத்தில் அக்கா சமைத்துக்கொண்டிருந்த குசினியின் சுவரை இடித்துத் தள்ளிவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டது. அக்கா சுவருக்குக் கீழே கிடந்தார். பிளிறல் கேட்டு வந்த சனமெல்லாம் சுவரைத் தூக்க ஓடியது. நான் கம்பி சுருட்ட ஓடினேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அக்காவுக்குக் கால் முறிந்துவிட்டது. ஊரில் ஒரே கதை: தனியனுக்கு மதம் பிடித்துவிட்டது, அதைப் பிடித்துக்கொண்டுபோய் வேறு காட்டில் விடச் சொல்லி வனவிலங்குத் திணைக்களத்துக்கு எழுதவேண்டும். லொறியில் ஏற்றினால் அந்தக் கிழட்டு யானை பிழைக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் தலையாட்டினேன்.

அக்கா ஊன்றுகோலோடு வீடு திரும்பிய கிழமை சங்கக் கூட்டம் நடந்தது. கடிதம் கைமாறி வந்தது, ஒவ்வொருவராகக் கையெழுத்து வைத்தார்கள். அக்கா அதை அவசரப்படாமல் ஆறுதலாக வாசித்தார். கையெழுத்து வைக்கவில்லை. கடிதத்தையும் பேனையையும் என்னிடம் நீட்டினார்.

கடிதத்தை வாங்கினேன். கதிரையை விட்டு எழும்பினேன்.

"ஆனையிலை பிழை இல்லை. நான்தான் கம்பியைச் சுருட்டேல்லை. அது மிரண்டு ஓடின பிறகுதான் ஓடிப்போய்ச் சுருட்டினனான்."

"மூதேசி!" என்று யாரோ கத்தினார்கள். ஆளுக்காள் ஏசினார்கள். கடிதத்தை எழுதியவர் அதை என் கையிலிருந்து பறித்துக் கிழித்துப் போட்டார். அக்கா மட்டும் சத்தம் அடங்கும்வரை இருந்துவிட்டுச் சொன்னார்:

"எனக்குத் தெரியும், தம்பி. சுவருக்குக் கீழை கிடக்கேக்கை நீ ஓடி வாறதைக் கண்டனான். என்னைத் தூக்கத்தான் வாறாய் எண்டு கையை நீட்டினனான்."