கொஞ்சம் தள்ளி ஒரு வீடு

நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்து லயம் ஒற்றை அறைக் காம்பராக்களின் நீண்ட வரிசை. அதில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேல் தகரம் வரைக்கும் வெறும் இடைவெளிதான். அந்த வழியாக அடுப்புப் புகை வரும், கருவாடு பொரிக்கும் வாசம் வரும், பேச்சு வரும். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் இருந்தே "நூறு வயசு" என்று சொல்லலாம்.

அந்தப் பக்கம் இருந்தவள் சித்தி. எங்களுக்குச் சொந்தமில்லை. அம்மாவுக்கு இளையவள், அம்மாவை அக்கா என்று கூப்பிடுவாள், அதனால் எனக்குச் சித்தி. அவர்கள் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர்கள், நாங்கள் மாரியம்மன் கும்பிடுகிறவர்கள். அம்மாவும் அவளும் அக்கரப்பத்தனைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் ஒன்றாகப் பேர் பதிந்து, ஒன்றாகவே கொழுந்து எடுத்தவர்கள். சித்தியின் புருசன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தபோது அவள் மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். பிறகு அவனும் எல்லா இளைஞர்களையும் போல கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான்.

அந்த இடைவெளியை அம்மாவுக்குப் பிடிக்காது. அப்பா உயிரோடு இருந்த காலத்தில் குடித்துவிட்டு வந்து கத்துவார், சில நாள் கையும் நீட்டுவார். அம்மா சத்தமே போடமாட்டாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொள்வாள். அப்படியும் லயம் முழுவதற்கும் தெரிந்துவிடும். காலையில் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்கும்போது, மற்றப் பெண்கள் அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பார்க்காதது போல் திரும்பிக்கொள்வார்கள். சித்தி மட்டும் எதுவும் கேட்டதில்லை. அப்பா அடங்கித் தூங்கிய பிறகு, கட்டிலின் மேல் ஏறி நின்று சுவருக்கு மேலாகக் கையை நீட்டுவாள். கையில் ஒரு டம்ளர் தேத்தண்ணி இருக்கும்.

"பிடிங்க அக்கா, சுடுது."

அவ்வளவுதான் பேச்சு. அம்மா வாங்கிக் குடிப்பாள். அப்பா இறந்த பிறகும் அம்மாவுக்கு அந்தக் கூச்சம் போகவில்லை. எல்லாவற்றையும் கேட்டவள் அந்தப் பக்கம் இருக்கிறாளே என்ற கூச்சம்.

ஒரு மழைக்காலத்தில் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில் வெடிப்பு விழுந்தது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, இது ஆள் இருக்கிற இடமில்லை என்று சொல்லிப் போனார்கள். சொல்லிப் போனதோடு சரி. பின்னர் வீடு கட்டிக் கொடுக்கும் அமைப்பு ஒன்று வந்தது. தோட்டம் நிலம் கொடுக்கும், ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச். கல், சீமெந்து, தகரம் எல்லாம் அமைப்பு தரும். கட்டுவதற்குத் தொண்டர்களைக் கூட்டிவருவார்கள். வீடு கிடைக்கிற குடும்பம் தன் வீட்டுக்கும் மற்ற வீடுகளுக்கும் சேர்த்து உடம்பால் உழைக்க வேண்டும். எங்கள் பரம்பரையில் யாருக்கும் சொந்த வீடு இருந்ததில்லை. தோட்டத்தில் பேர் இருக்கும் வரை காம்பரா, பேர் வெட்டினால் அதுவும் இல்லை. அதனால் அவர்கள் சொன்னதை முதலில் யாரும் நம்பவில்லை.

வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்தில்தான் கூட்டம் நடந்தது. நான் தலவாக்கலையில் மருந்து விற்கும் பாமசி ஒன்றில் வேலை செய்கிறேன். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவோடு போயிருந்தேன். அமைப்பிலிருந்து வந்தவர் நிலத்தின் படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுச் சொன்னார்:

"பக்கத்துப் பக்கத்துல இருக்கணும்னு நெனைக்கிறவங்க இப்பவே சொல்லுங்க. அவங்களுக்கு ஒண்ணா ஒதுக்கிட்டு மத்தவங்களுக்குச் சீட்டுப் போடுவோம்."

சித்தி அம்மாவின் முழங்கையை இடித்தாள். "எந்திரிச்சு சொல்லுங்க அக்கா. நாம ரெண்டு பேரும்னு."

அம்மா மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சீட்டுல எப்படி விழுதோ விழட்டும் புள்ள. கொஞ்சம் தள்ளி இருந்தாத்தான் என்ன?"

சித்தியின் முகம் ஒரு நிமிடம் செத்துப்போனது. உடனே சிரித்துச் சமாளித்தாள். "அதுவும் சரிதான். என் கொறட்டைய கேட்டுக் கேட்டு அக்காவுக்குச் சலிச்சுப்போச்சு."

திரும்பி வரும் வழியில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அவ மேல எனக்கு என்னடி கோவம்? தங்கமான பொம்பள. ஆனா என் வீட்டுல நடந்தது அம்புட்டும் அவ காதுல விழுந்திருக்கு. இனிமேலாவது யாருக்கும் கேக்காம ஒரு எடத்துல இருந்து பாக்குறேனே."

அது தவறான ஆசை என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

சீட்டில் எங்களுக்குக் கீழ் வரிசையில் ரோட்டோரம் விழுந்தது. சித்திக்கு மேல் வரிசையின் கடைசி. இடையில் மேடும், மண்ணில் வெட்டிய படிகளும்.

கட்டிய மாதங்கள் நல்ல மாதங்கள். கொழும்பில் கந்தோர்களில் எழுத்து வேலை செய்கிறவர்கள் கூட்டமாக வந்தார்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்தார்கள். வெள்ளைக்காரர்கள் சிலரும் வந்து, மதிய வெயிலில் சிவந்துபோய், எங்கள் சம்பலைத் தின்றுவிட்டுக் கண்ணீர் விட்டார்கள். கீழ்க் கிராமத்துச் சிங்கள மேசன் பாஸ் ஒருவர் எல்லோரையும் வேலை வாங்கினார். அம்மாவும் சித்தியும் கொழுந்து நிறுத்து முடித்ததும் நேரே அங்கே வந்துவிடுவார்கள். கொழுந்துக்கூடை சுமந்த தலையில் சும்மாடு வைத்துக் கல் சுமந்தார்கள். எங்கள் வீட்டுச் சுவர் எழும்பியபோது சீமெந்துக் கலவை சுமந்தவள் சித்திதான். தொண்டராக வந்த ஒரு சிங்களப் பெண்ணுக்குக் கை கொப்பளித்துவிட்டது. சித்தி அவள் கையைப் பிடித்துத் தேங்காயெண்ணெய் தடவி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன சித்தி சொன்னீங்க?"

"இந்தக் கைய வச்சுக்கிட்டு எங்க தோட்டத்துக்கு மருமகளா வந்துராதம்மான்னு சொன்னேன்."

வீட்டுச் சுவர்கள் கூரை வரைக்கும் போயின. அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

சாவி கொடுத்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு காரியம் செய்தாள். கதவையும் ஜன்னல்களையும் சாத்தினாள். அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்று, உரத்த குரலில் ஏசத் தொடங்கினாள். "என்னா ஆட்டம் ஆடுன! என்னா பேச்சுப் பேசுன! இப்ப பேசு பாப்போம்!" என் வாழ்க்கையில் அம்மாவின் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. முதலில் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை. வருசக்கணக்காகச் சேலைத் தலைப்பில் அடைத்து வைத்ததெல்லாம் வந்தது. ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"வெளிய கேட்டிருக்குமா?"

நான் வாசலுக்கு வெளியே போய் நின்றேன். அம்மா உள்ளே இருந்து மறுபடி இரண்டு வார்த்தை கத்திப் பார்த்தாள்.

"ஒண்ணும் கேக்கலம்மா."

அம்மாவுக்கு அவ்வளவு சந்தோசம்.

முதல் சில மாதங்கள் சித்தி தினமும் பின்னேரம் இறங்கி வருவாள். வாசலில் நின்று "அக்கா" என்று கூப்பிட்டு, உள்ளே வரச் சொன்ன பிறகுதான் வருவாள். லயத்தில் அப்படி யாரும் கேட்டு வந்ததில்லை. மழை தொடங்கியதும் மண்படிகள் வழுக்கின, சித்திக்கு முழங்கால் வலி. வரவு குறைந்தது. அம்மாவும் கொழுந்து மலையில் நாள் முழுதும் நின்று வந்த காலோடு மேட்டில் ஏறச் சோம்பினாள். வேலை செய்கிற இடத்தில் பார்க்கிறோமே என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

அது ஆனி மாதத்து அடைமழை. சனிக்கிழமை பின்னேரம் சித்தி வீட்டு வாசல் விளக்கு எரிந்தது. ஞாயிறு பகலிலும் அது எரிந்துகொண்டே இருந்தது. பாத்திரம் கழுவ வெளியே வந்த அம்மா அதை நிமிர்ந்து பார்த்தாள்.

"மகன் வந்திருக்கான் போல. லைட்ட அணைக்கக்கூட மறந்துட்டு பேசிக்கிட்டு இருக்கா."

"போய்ப் பாத்துட்டு வருவமா?"

"வேணாம்டி. எப்பவோ வாறவன். தாயும் மகனும் பேசட்டும். நாம போய் நடுவுல நிக்கக்கூடாது."

நானும் சரி என்றேன். மழைக்கு எல்லா வீட்டுக் கதவுகளும் சாத்தியிருந்தன. எங்கள் வீட்டுக் கதவும்தான்.

திங்கள் காலை பெரட்டில் சித்தியைக் காணவில்லை. மகன் வந்திருக்கிறானா என்று அம்மா மேல் வரிசைப் பெண்களிடம் கேட்டிருக்கிறாள். யாரும் வரவில்லையே என்றார்கள். அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அம்மா செருப்பில்லாமல் படியேறுவதைப் பார்த்து நானும் பின்னால் ஓடினேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆண்கள் கத்தியைக் கொடுத்து நெம்பியும் லேசில் திறக்கவில்லை. பாஸ் நல்ல கதவாகத்தான் போட்டிருந்தார்.

சித்தி குசினித் தரையில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. ஒரு பக்கம் முழுதும் விழுந்துவிட்டிருந்தது. வாய் கோணிப் பேச்சு வரவில்லை. இயங்குகிற கைக்குப் பக்கத்தில் பித்தளைச் செம்பு ஒன்று கிடந்தது. தரையில் இடித்து இடித்து அதன் விளிம்பு நசுங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலயே, டீவி வேற போட்டிருந்தோமே" என்றாள். அவளை என்ன சொல்ல முடியும்?

ஆஸ்பத்திரியில் டொக்டர் இன்னும் முந்தியே கொண்டுவந்திருக்கணும் என்றார். அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் தும்மலுக்கு எந்திரிச்சவடி அவ" என்று மட்டும் சொன்னாள்.

உயிர் தப்பியது, பேச்சு திரும்பவில்லை. கொழும்பிலிருந்து வந்த மகன் தன்னோடு கூட்டிப்போவதாகச் சொன்னான். அம்மா அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்.

"இங்கயே விடு தம்பி. எங்க வீட்டுல வச்சு நாங்க பாத்துக்கிறோம்."

"நீங்க மலைக்குப் போயிருவீங்க பெரியம்மா. தங்கச்சி டவுனுக்குப் போயிரும். பகல்ல யாரு அம்மாவுக்குத் தண்ணி குடுக்கிறது?"

அம்மா சித்தியின் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். வேனில் ஏற்றும்போது சித்தி மேல் வரிசைப் பக்கம் கண்ணைத் திருப்பினாள். தான் கல் சுமந்து கட்டிய வீட்டில் அவள் இரண்டு வருசம்கூட இருக்கவில்லை.

அம்மாவும் நானும் ஒரு தடவை போய்ப் பார்த்தோம். கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில், மாடியில் ஒரு அறை. மகனும் மருமகளும் வேலைக்குப் போகும் நேரத்தில் ஒரு கிழவி வந்து பார்த்துக்கொண்டாள். சித்தி மெலிந்து சிறு பிள்ளை போல் ஆகியிருந்தாள். அம்மாவைக் கண்டதும் தொண்டைக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது. அம்மா தோட்டத்துக் கதையெல்லாம் சொன்னாள். யார் வீட்டில் கல்யாணம், எந்த மலையில் கொழுந்து நன்றாக இருக்கிறது என்றெல்லாம். பிறகு சித்தியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"எந்திரிச்சு சொல்லுங்கன்னு நீ சொன்னப்ப நான் எந்திரிச்சிருக்கணும் தங்கச்சி" என்றாள் அம்மா.

சித்தி தலையை அசைத்தாள். தலையணையில் இருந்த செபமாலையை விரல்களால் தேடினாள், பிடிக்க வரவில்லை. அம்மா அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, தன் கையால் மூடி, மாதாவுக்குச் சொல்லும் செபத்தைச் சொல்லத் தொடங்கினாள். ஒரு வார்த்தை பிசகாமல், அவர்கள் இழுக்கும் அதே ராகத்தில், மணி மணியாக. அம்மாவுக்கு அது தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. மாதா கோயில் பக்கம்கூடப் போகாதவள். எத்தனையோ வருசம் லயத்தில் பின்னேரங்களில் அடுப்பு ஊதிக்கொண்டே கேட்டுப் பாடமாகியிருக்கிறது. சித்தியின் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. கோணிய வாய் அம்மாவோடு சேர்ந்து அசைந்தது.

அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை. மாரிக்காலத்தில் ஒரு காலை மகன் போன் பண்ணி, முந்தின இரவு சித்தி போய்விட்டாள் என்றான். அம்மா அழுகையோடே, "ஊருக்குக் கொண்டாந்துரு தம்பி. அவ வீட்டுல வச்சு எடுப்போம். ஒங்கப்பா இங்கதானே படுத்திருக்காரு" என்றாள்.

"அங்க கொண்டாந்து எல்லாம் செய்ய எனக்கு யாரு இருக்கா பெரியம்மா?"

"யாரு இல்ல? நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?"

ஆனால் அவர்கள் ஏற்கெனவே அங்கே இடம் பேசிவிட்டிருந்தார்கள். கிடைத்த பஸ்ஸில் போனோம். அட்டனுக்கு அப்பால் ரோட்டில் மண் சரிந்து வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. போய்ச் சேர்ந்தபோது மண் மூடி முடித்து, சிலுவை நட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா குனிந்து ஒரு பிடி ஈர மண்ணை எடுத்து மேலே போட்டாள்.

சித்தியின் வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வருவேன் என்று மகன் சொல்வான், வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா கத்தியை எடுத்துக்கொண்டு மேலே போய் வாசலில் வளரும் புல்லை வெட்டுவாள். போன வாரம் நானும் போனேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் பழைய லயம் தெரியும். கூரையைக் கழற்றிவிட்டார்கள். சுவர்கள் மட்டும் நிற்கின்றன.

"அங்கேயே இருந்திருக்கலாம்னு நெனைக்கிறியாம்மா?"

"சீ. அது மனுசன் இருக்கிற எடமா?" என்றாள் உடனே. கொஞ்ச நேரம் புல்லை வெட்டினாள். பிறகு நிமிராமலே சொன்னாள்: "வீடு வேணும்தான். நமக்கும் வேணும், அவளுக்கும் வேணும். அன்னைக்கு நான் எந்திரிச்சு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். அம்புட்டுத்தான்."

வெட்டிய புல்லை வாரி வேலியோரம் குவித்தேன். மழை தூறத் தொடங்கியது. படி வழுக்கும் என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.